சாப்பாவிலிருந்து நியமனக் கடிதம் வரை

(பணியிடப் பாதுகாப்பும் அதன் பொருளாதார விளைவுகளும் என்பது பற்றி, மட்டாஞ்சேரியில் மாணவர்களும் அரசு அலுவலர்களும் கூடிய அவையில் ஆற்றிய உரை)



பணியிடப் பாதுகாப்பு என்றவுடன் தலைக்கவசம், கையுறை, தீயணைப்புக் கருவி, சுவரில் எழுதிய எச்சரிக்கை வாசகம் ஆகியவையே நம் நினைவுக்கு வருகின்றன. தேசியப் பாதுகாப்பு மன்றம் 1966ஆம் ஆண்டு மார்ச் 4ஆம் நாள் தோன்றியது. அந்நாளை ஆண்டுதோறும் பாதுகாப்பு நாளாகக் கொண்டாடுகிறோம், உறுதிமொழி எடுத்துக்கொள்கிறோம், பரிசு வழங்குகிறோம். இவற்றைக் குறைகூறுவது என் நோக்கமன்று. ஆனால் மட்டாஞ்சேரியில் இப்பொருள் குறித்துப் பேசுகிறவர் வேறோர் இடத்திலிருந்து தொடங்குவதே முறையாகும். அது தலைக்கவசமன்று, ஒரு சிறிய உலோக வில்லை. அதன் பெயர் சாப்பா.

தமிழ் நாட்டுக் கிராமங்களில் களத்து நெற்குவியலின் மேல் முத்திரையிடும் அச்சுக்குச் சாப்பா என்று பெயர். அம்முத்திரை கலையாதவரை நெல்லில் எவரும் கைவைக்கவில்லை என்பது பொருள். கொச்சித் துறைமுகத்திலோ அச்சொல் அன்றாட வேலைக்கான வில்லையைக் குறித்தது. கப்பலில் சரக்கு ஏற்றவும் இறக்கவும் ஒப்பந்தம் எடுத்தவர்களின் ஆளாக மூப்பன் வருவான். நம் தோட்டங்களில் கங்காணி எப்படியோ, இங்கே மூப்பன் அப்படி. வேலை தேடிக் கூடிநிற்கும் நூற்றுக்கணக்கானோர் நடுவே அவன் வில்லைகளை வீசி எறிவான். பாய்ந்து, தள்ளி, மிதித்து, அடித்துக்கொண்டு எவர் ஒரு வில்லையைப் பற்றுகிறாரோ அவருக்கு அன்று வேலை. மற்றவர்களுக்கு அன்று பட்டினி. தொழிலாளி சரக்கு மூட்டையைத் தொடுவதற்கு முன்பே, வேலையைப் பெறும் முயற்சியிலேயே காயம் பட்டான். உலகில் எத்தனையோ ஆபத்தான தொழில்கள் உண்டு. வேலைக்கு அமர்த்தும் முறையே விபத்தாக இருந்த தொழில்கள் மிகச் சிலவே.

இம்முறையை எதிர்த்து நடந்த வேலைநிறுத்தத்தின்போது, 1953ஆம் ஆண்டு செப்டம்பர் 15ஆம் நாள், மட்டாஞ்சேரியில் காவல்துறை துப்பாக்கிச் சூடு நடத்தியது. சைது, சைதாலவி ஆகிய தொழிலாளர் இருவர் சுடப்பட்டு மாண்டனர். காவலர்களின் தாக்குதலுக்குள்ளான ஆன்டணி என்பவரும் பின்னர் உயிரிழந்தார். அப்போது கேரள மாநிலம் பிறக்கவில்லை. திருவிதாங்கூர்–கொச்சி மாநிலத்தின் ஆட்சி. கே. எம். சிதம்பரன் இதை மலையாள நாடகமாக எழுதினார். அதன் அடிப்படையில் ராஜீவ் ரவி இயக்கிய 'துறைமுகம்' என்னும் திரைப்படம் 2023இல் வெளிவந்ததால், இளைஞர் பலர் இச்செய்தியை அறிந்திருக்கக்கூடும். தொழிற்சங்க வரலாற்றில் இந்நிகழ்ச்சிக்கு உரிய இடம் தரப்பட்டுள்ளது. பணியிடப் பாதுகாப்பின் வரலாற்றில் அதற்கு உரிய இடம் இன்னும் தரப்படவில்லை என்பது என் கருத்து.

பெயரில்லாத தொழிலாளி

சாப்பாவில் பெயர் இல்லை. யார் கையில் இருக்கிறதோ அவரே அன்றைய தொழிலாளி. இந்தச் சிறு செய்தியிலிருந்து எத்தனை விளைவுகள் கிளைக்கின்றன என்பதைப் பொருளாதார மாணவர்கள் நுணுகிப் பார்க்க வேண்டும்.

நேற்று வந்தவன் இன்று வரமாட்டான் என்றால் அவனுக்குப் பயிற்சி அளிப்பதில் முதலாளிக்குப் பயனில்லை. பாரந்தூக்கியின் கம்பிவடம் தேய்ந்திருக்கிறதென்று தொழிலாளி சுட்டிக்காட்டினால், மறுநாள் வில்லை அவன் பக்கம் விழாது. ஆகவே அவன் வாய் திறப்பதில்லை. கை நசுங்கினால் அவன் யாரிடம் வேலை செய்தான் என்பதற்குச் சான்று இல்லை. தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் 1923ஆம் ஆண்டிலேயே பிறந்துவிட்டது. ஒப்பந்தக்காரர் வழியே அமர்த்தப்பட்ட தொழிலாளிக்கும் முதன்மை முதலாளியே பொறுப்பு என்று அதன் 12ஆம் பிரிவு தெளிவாகவே கூறியது. உரிமை சட்டப் புத்தகத்தில் இருந்தது. அதைக் கேட்டுப் பெறத் தேவையான பதிவேட்டுப் பெயர்தான் தொழிலாளிக்கு இல்லை.

சட்டங்கள் வந்த வேகத்தையும் கவனியுங்கள். கப்பல் சரக்கு வேலையில் விபத்துகளைத் தடுப்பதற்கான சர்வதேச உடன்படிக்கை 1932இல் உருவாயிற்று. அதையொட்டி 1934இல் இந்தியத் துறைமுகத் தொழிலாளர் சட்டம் நிறைவேறியது. அது நடைமுறைக்கு வந்ததோ 1948 பிப்ரவரியில். ஏணி, பாரந்தூக்கி, கப்பலின் சரக்கறை வாய்க்கு வேலி என்று இயந்திரப் பாதுகாப்பை அது கவனித்தது. அதே 1948இல் வந்த மற்றொரு சட்டம் துறைமுகத் தொழிலாளரின் வேலைவாய்ப்பை ஒழுங்குபடுத்தியது. இரண்டுள் எது பாதுகாப்புச் சட்டம் என்று கேட்டால் எவரும் முன்னதையே காட்டுவர். நான் பின்னதைக் காட்டுவேன். ஏனெனில் அதன்கீழ்த்தான் துறைமுகத் தொழிலாளர் வாரியங்கள் தோன்றின: பம்பாயில் 1951, கல்கத்தாவில் 1952, சென்னையில் 1953, கொச்சியில் 1959. வாரியம் தொழிலாளியின் பெயரைப் பதிவு செய்தது. முறை வைத்து வேலை பகிர்ந்தது. வேலை இல்லாத நாளிலும் குறைந்தபட்ச ஊதியத்துக்கு வகை செய்தது. சாப்பா வழக்கொழிந்தது. பாதுகாப்பு விதிகளைச் சொல்லிக் கொடுக்க ஆளும், அவற்றைக் கேட்டு வற்புறுத்த ஆளும் அதன் பிறகே கிடைத்தனர்.

இது நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. இலண்டன் துறைமுகத்திலும் நாள்தோறும் வாயிலில் கூட்டி நிறுத்தி ஆள் பொறுக்கும் வழக்கம் இருந்தது. 1889ஆம் ஆண்டின் பெரும் வேலைநிறுத்தத்துக்கு அதுவும் ஒரு காரணம். பிரிட்டனில் தேசியத் துறைமுகத் தொழிலாளர் திட்டம் 1947இல் வந்தது. நம் சட்டம் அதற்கு அடுத்த ஆண்டு என்பதைக் காணும்போது, இவ்வொரு துறையிலாவது நாம் அதிகம் பின்தங்கவில்லை எனலாம்.

செலவு யார் கணக்கில்?

ஆதம் ஸ்மித் 1776இல் ஒரு கருத்தைச் சொன்னார். வேலையின் கடினமும் இழிவும் கூடுமானால் அதற்கேற்பக் கூலியும் கூடும் என்பது அது. பின்வந்தோர் இதை ஆபத்துக்கும் விரித்தனர். ஆபத்தான வேலைக்கு ஆள் கிடைக்க முதலாளி கூடுதல் கூலி தர வேண்டியிருக்கும். அச்செலவைத் தவிர்க்க அவரே பாதுகாப்புச் சாதனங்களில் முதலீடு செய்வார். ஆகவே அரசு தலையிடத் தேவையில்லை என்பது வாதம். வகுப்பறையில் இது அழகாகவே இருக்கும். ஆனால் ஒரு வில்லைக்குப் பத்துக் கைகள் நீளும் இடத்தில் ஆபத்துக்குத் தனி விலை கிடைப்பதில்லை. உள்ள கூலியே கிடைத்தால் போதும் என்ற நிலையில் தொழிலாளி ஆபத்தையும் சேர்த்து விற்றுவிடுகிறான்.

அப்படியாயின் அவ்வாபத்தின் செலவு எங்கே போகிறது? அது மறைந்துவிடுவதில்லை. கால் முறிந்தவனின் மனைவி வேறு வேலைக்குப் போகிறாள். மகன் பள்ளியை விட்டு நிற்கிறான். அரசு மருத்துவமனை மருத்துவம் பார்க்கிறது. வட்டிக்காரன் கடன் தருகிறான். சரக்கின் அடக்க விலையில் மட்டும் அது ஏறுவதில்லை. உற்பத்திச் செலவின் ஒரு பகுதியை உற்பத்தியாளர் சுமக்காமல் சமுதாயத்தின் தலையில் ஏற்றுவதைப் பற்றிப் பிகூ 1920இல் விரிவாக எழுதினார். ஆலைப் புகையை அதற்கு எடுத்துக்காட்டாகக் கூறுவது வழக்கம். தொழில் விபத்தும் அவ்வகையில் சேர்ந்ததே.

முதலாளியாவது இதனால் முழு ஆதாயம் அடைகிறாரா என்றால் அதுவும் இல்லை. அமெரிக்கக் காப்பீட்டு நிறுவனமொன்றில் பணியாற்றிய ஹைன்ரிக் 1931இல் ஒரு கணக்கு வெளியிட்டார். விபத்தொன்றில் இழப்பீடும் மருத்துவமும் ஒரு பங்கு என்றால், வேலை நின்ற நேரம், கெட்ட பொருள், பழுதான இயந்திரம், புதிய ஆளைப் பழக்கும் செலவு முதலியன நான்கு பங்கு என்பது அவர் முடிவு. ஒன்றுக்கு நான்கு என்ற விகிதம் எல்லாத் தொழிலுக்கும் பொருந்தாது என்று பின்னாள் ஆய்வாளர் மறுத்துள்ளனர், மறுப்பு நியாயமானதே. ஆயினும் கண்ணில் படாத செலவு கண்ணில் படும் செலவை விடப் பெரியது என்பதைப் பண்டகசாலை நடத்துவோர் எவரும் அனுபவத்தில் அறிவர். கப்பல் காத்துநின்றால் ஒவ்வொரு நாளுக்கும் பணம் கட்ட வேண்டும். விபத்து நடந்த பாரந்தூக்கியின்கீழ் அடுத்த மூட்டை உடனே ஏறுவதில்லை.

உலக அளவில் வேலை தொடர்பான காரணங்களால் ஆண்டுக்குச் சுமார் 29 இலட்சம் பேர் இறப்பதாகச் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2023இல் மதிப்பிட்டது. அவர்களில் விபத்தில் இறப்போர் ஏறக்குறைய 3.3 இலட்சம், நோயால் இறப்போர் 26 இலட்சம். நோயின் பங்கு ஏறக்குறைய எட்டு மடங்கு. நம் பாதுகாப்பு நாள் விழாக்களிலோ வெடிப்பும் வீழ்ச்சியும் பேசப்படும் அளவுக்குத் தூசி பேசப்படுவதில்லை. மட்டாஞ்சேரிக் கடைத்தெருவில் நடக்கும்போது சுக்கு, மிளகு, மிளகாய் ஆகியவற்றின் மணம் வழிப்போக்கருக்கு இன்பம் தருவது. முறத்தில் புடைத்தும் சலித்தும் தரம் பிரிக்கும் பெண்ணுக்கு அதுவே நாள்தோறும் எட்டு மணி நேரம் மூக்கிலும் கண்ணிலும் படியும் தூசி. வெள்ளை நிறம் கூட்டச் சுக்குக்குச் சுண்ணாம்பு பூசும் வேலையில் கையின் தோலும் தப்புவதில்லை. இவை ஒரே நாளில் ஆளைச் சாய்ப்பனவல்ல. ஆகவே எந்தப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை. இருபது ஆண்டு கழித்து இருமல் வரும்போது அப்பெண் நான்காவது பண்டகசாலையில் இருப்பாள். எந்த முதலாளி பொறுப்பு?

மூட்டையும் முதுகும்

சுமை தூக்குவதைப் பற்றிச் சற்று விரிவாகப் பேச விரும்புகிறேன். இவ்வூரின் பழைய தொழில் அது. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 1967ஆம் ஆண்டுப் பரிந்துரைப்படி, வயதுவந்த ஆண் ஒருவர் தூக்கும் சுமை 55 கிலோவுக்கு மேற்படலாகாது. நம் நாட்டில் உணவு தானியம் நெடுங்காலம் 95 கிலோ, 100 கிலோச் சாக்குகளில் அடைக்கப்பட்டது. பின்னர் அது 50 கிலோவாக மாறியது. 100 கிலோ மூட்டையைத் தூக்கும்போது முதுகெலும்பைக் காக்கும் முறை பற்றி எத்தனை வகுப்பு நடத்தியிருந்தாலும், சாக்கின் அளவைக் குறைத்ததால் கிடைத்த நன்மையில் ஒரு பகுதியும் கிடைத்திராது. தொழிலாளியைத் திருத்துவதற்கு முன் வேலையைத் திருத்த வேண்டும் என்பது இத்துறையின் பாலபாடம். ஆனால் தொழிலாளியைத் திருத்துவது மலிவு. அதனால் முதலில் அதுவே செய்யப்படுகிறது.

சுமை தூக்குவோருக்கெனக் கேரளம் 1978இல் தனிச் சட்டம் இயற்றியது. அதன்கீழ் நலவாரியமும் அமைந்தது. அங்கும் அடிப்படை ஒன்றே: பதிவு, அடையாள அட்டை, வாரியம் வழியே கூலி. இம்முறையில் பிழைகள் நேர்ந்ததையும் மறைக்க வேண்டியதில்லை. வேலையே செய்யாமல் பார்த்து நின்றதற்குக் கூலி கேட்கும் 'நோக்குகூலி' வழக்கம் வளர்ந்து, வணிகர்கள் மனம் நொந்தனர். 2018 மே முதல் மாநில அரசு அதைத் தடை செய்தது. ஓர் உரிமை தவறாகப் பயன்பட்டது என்பதற்காகப் பதிவு முறையையே குறைகூறுவோர், அதற்கு முன் இருந்த வில்லையை நினைத்துப் பார்ப்பது நல்லது.

1973இல் இந்தியாவுக்கு வந்த முதல் கொள்கலக் கப்பல் கொச்சியில்தான் நின்றது. 2011இல் வல்லார்பாடத்தில் கொள்கல முனையம் திறக்கப்பட்டது. முதுகின் வேலையை இயந்திரம் ஏற்றது. ஆள் தொகை குறைந்தது. ஆபத்து ஒழியவில்லை, உருமாறியது. முன்பு நூறு பேருக்குச் சிறுகாயம் நேர்ந்த இடத்தில் இன்று ஒருவருக்கு நேர்ந்தால் அது உயிரிழப்பாக முடிகிறது. 2018 பிப்ரவரி 13ஆம் நாள் கொச்சிக் கப்பல் கட்டும் தளத்தில், பழுதுபார்ப்புக்கு நின்ற 'சாகர் பூஷண்' என்னும் துளையிடு கப்பலில் வாயுக் கசிவால் வெடிப்பு நேர்ந்து ஐந்து தொழிலாளர் மாண்டனர். மூடிய அறைக்குள் இறங்குமுன் காற்றை அளந்து, அளந்தவர் கையொப்பமிட்டு, அதன்பின்னரே நெருப்பு வேலைக்கு அனுமதி தருவது என்பது உலகெங்கும் நிலைபெற்ற முறை. ஒரு தாளும் ஒரு கையொப்பமும் சில நிமிடக் காத்திருப்புமே அதற்கான செலவு.

சிறுதொழிலில் நிலை இன்னும் சிக்கலானது. கொச்சிக் கோட்டையை அடுத்த வெளியில் சலவைத் துறை ஒன்று உண்டு. டச்சுக்காரர் காலத்தில் தமிழகத்திலிருந்து வந்ததாகக் கூறப்படும் வண்ணார் குடும்பங்களின் வழிவந்தோர் அங்கே இன்றும் துணி வெளுக்கின்றனர். கொச்சி நகர அபிவிருத்தி ஆணையம் 1970களில் தொட்டிகளும் கொட்டகையும் கட்டித் தந்தது. முழங்கால் அளவு நீரில் நிற்பதும், கல்லில் துணியை அறைவதும், கனத்த இஸ்திரிப் பெட்டியைத் தள்ளுவதும் உடலுக்கு என்ன செய்யும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. அவர்களுக்கு முதலாளி இல்லை. ஆகவே எந்தத் தொழிற்சாலைச் சட்டமும் அவர்களைத் தொடுவதில்லை. சங்கம் இருப்பது ஒன்றே ஆறுதல்.

புதிய சட்டத்தில் ஒரு பழைய பாடம்

இன்று நடைமுறையில் இருப்பது பணிப் பாதுகாப்பு, உடல்நலம், பணிநிலைமைகள் பற்றிய 2020ஆம் ஆண்டுத் தொகுப்புச் சட்டம். முந்தைய 13 மத்திய சட்டங்கள் அதனுள் அடங்கின; 2025 நவம்பர் 21 முதல் அது செயலுக்கு வந்தது. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டமும், 1986ஆம் ஆண்டுத் துறைமுகத் தொழிலாளர் பாதுகாப்புச் சட்டமும் அவற்றுள் சேர்ந்தவை. இப்புதிய சட்டத்தில் முதலாளியின் கடமைகளுள் ஒன்று எல்லாத் தொழிலாளருக்கும் நியமனக் கடிதம் தருவது. நியமனக் கடிதத்துக்கும் பாதுகாப்புக்கும் என்ன தொடர்பு என்று அலுவலர் சிலர் கேட்கின்றனர். மட்டாஞ்சேரியில் இக்கேள்வி எழக்கூடாது.

ஆனால் கடிதம் யாரைச் சென்றடையும் என்பதில் எனக்கு ஐயம் உண்டு. துறைமுகத்துக்கும் சுரங்கத்துக்கும் ஆள் எண்ணிக்கை பார்க்கப்படுவதில்லை. பிற இடங்களில் பத்துப் பேராவது இருக்க வேண்டும். இயந்திர விசையுள்ள தொழிற்சாலைக்கு வரம்பு பத்திலிருந்து இருபதாகவும், ஒப்பந்தத் தொழிலாளர் விதிகளுக்கு இருபதிலிருந்து ஐம்பதாகவும் உயர்ந்துள்ளது. சிறு முதலாளிக்குச் சட்டச்சுமை குறைய வேண்டும் என்னும் நோக்கம் புரிகிறது. எனினும் தூசிக்கு ஆள் எண்ணிக்கை தெரியாது. எட்டுப் பேர் வேலை செய்யும் பண்டகசாலையில் மிளகாய்த் தூள் மென்மையாக இறங்குவதில்லை.

காப்பீட்டில் இன்னொரு குறையைச் சுட்ட வேண்டும். 1952இல் கான்பூரிலும் தில்லியிலும் தொடங்கிய தொழிலாளர் அரசு ஈட்டுறுதித் திட்டத்தில், 2019 ஜூலை முதல் முதலாளியின் பங்கு ஊதியத்தில் 3.25 சதவீதம், தொழிலாளியின் பங்கு 0.75 சதவீதம். பத்தாண்டுகளாக ஒரு விபத்தும் நேராத தொழிலகமும், மாதந்தோறும் ஒருவரை மருத்துவமனைக்கு அனுப்பும் தொழிலகமும் ஒரே விகிதத்தில் செலுத்துகின்றன. எளிமை கருதி இம்முறை வகுக்கப்பட்டது. ஏழைத் தொழில்களும் இதனால் தாங்கி நின்றன. ஆனால் பாதுகாப்பில் செலவிட்டவருக்கு இதில் சலுகை ஏதும் இல்லை. ஜெர்மனியில் 1884 முதலே விபத்துக் காப்பீடு தொழில்வாரியாக அமைந்து, ஆபத்தின் தரத்துக்கேற்பக் கட்டணம் வகுக்கப்பட்டது. அந்த அளவுக்குப் போக முடியாவிட்டாலும், சில தொழில்களிலாவது கட்டணத்தில் ஒரு சிறு பகுதியை விபத்துப் பதிவோடு இணைத்துப் பார்க்கலாம். இதில் ஓர் அபாயம் உண்டு: கட்டணம் கூடும் என்றால் விபத்தை மறைப்பார்கள். ஆகவே மறைத்ததற்கான தண்டம், கூடும் கட்டணத்தை விடப் பன்மடங்காக இருத்தல் வேண்டும்.

துறைமுக வாரியங்களின் காலமும் முடிந்துவிட்டது. அவற்றைத் துறைமுக நிர்வாகங்களோடு இணைக்க 1997ஆம் ஆண்டுச் சட்டம் வழிசெய்தது. இன்று கொச்சியின் கட்டட வேலையிலும் மீன் பதனிடும் தொழிலிலும் அதிகாலையில் சாலை முனையில் நிற்பவர்கள் அஸ்ஸாமிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்தவர்கள், தமிழரும் உள்ளனர். வில்லை எறிவார் இல்லை. வண்டியில் வந்து விரல் நீட்டி ஆள் எண்ணி ஏற்றிச் செல்வார் உண்டு. கேரள அரசு 2017இல் தொடங்கிய 'ஆவாஸ்' காப்பீட்டுத் திட்டம் அவர்களின் பெயரைப் பதிவு செய்ய முற்பட்டது பாராட்டுக்குரியது. நியமனக் கடிதமும் அவர்கள் படிக்கும் மொழியில் அமைய வேண்டும். யார் முதலாளி, யார் ஒப்பந்தக்காரர், காயம்பட்டால் எங்கே செல்வது என்னும் மூன்றும் அதில் இருக்க வேண்டும்.

இங்கு வந்துள்ள மாணவர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் செய்முறை ஆய்வுக்குக் கடைத்தெருவின் ஏதேனும் ஒரு வீதியை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பண்டகசாலையிலும் அன்று வேலை செய்வோரை எண்ணுங்கள். பிறகு வருகைப் பதிவேட்டில் உள்ள பெயர்களை எண்ணுங்கள். கடைசியாகக் காயம்பட்டவரின் மருத்துவச் செலவை யார் கொடுத்தார் என்று அவரிடமே கேளுங்கள். முதலாளியிடமும் தனியே கேளுங்கள். இரு விடைகளையும் எழுதிவைத்து, தொழிற்சாலை ஆய்வாளர் அலுவலகத்தில் அவ்வீதிக்கு என்ன பதிவு இருக்கிறதென்று ஒப்பிடுங்கள். அலுவலர்கள் அப்பதிவைக் காட்ட மறுக்கமாட்டார்கள் என்று நம்புகிறேன். அவர்களில் சிலர் இவ்வவையிலேயே அமர்ந்திருக்கின்றனர்.